பேச வழி விடுங்கள்: மாவட்ட சுகாதார அலுவலருக்கு ஒரு கிராம சுகாதாரச் செவிலியரின் திறந்த மடல்

மாவட்ட சுகாதார அலுவலர் அவர்களுக்கு,

வட்டார அளவில் மாதம் ஒருமுறை நேரில் நடக்கும் கூட்டம் அடுத்த மாதத்திலிருந்து கிடையாது, இனி எல்லா ஆய்வும் காணொலி வழியாகத்தான் என்ற உங்கள் உத்தரவு சென்ற திங்கட்கிழமை எங்கள் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்து சேர்ந்தது. பயணப்படி மிச்சமாகும், களப்பணிக்கு ஒரு நாள் கூடுதலாகக் கிடைக்கும் என்று அதில் இரண்டு காரணங்கள் இருந்தன. அதற்குக் கீழே ஒரே ஒரு வரி எழுத நினைத்தேன்: "ஐயா, அந்தக் கூட்டம் எங்களுக்கு வேண்டும்." எழுத முடியவில்லை. அந்தக் குழுவில் நிர்வாகிகள் மட்டுமே பதிவிட முடியும். ஆகவே வெளியில் நின்று எழுதுகிறேன்.

நான் 1996-ல் பணியில் சேர்ந்தவள். இன்னும் ஏழு மாதத்தில் ஓய்வு பெறுகிறேன். மலையடிவாரத்தில் ஒரு துணை சுகாதார நிலையமும் அதைச் சேர்ந்த ஆறு சிற்றூர்களும் என் பொறுப்பு. அவற்றில் ஒன்று மலைமேல் இருக்கிறது. இந்த மடலை எழுதப்போகிறேன் என்றதும் என்னுடன் வேலை பார்க்கும் இளைய செவிலியர் இருவர், "அக்கா, எழுதுங்கள். ஆனால் எங்கள் பெயர் எங்கும் வந்துவிட வேண்டாம்" என்றார்கள். அவர்கள் பயப்படுவதில் தவறில்லை. அவர்களுக்கு இன்னும் இருபது, இருபத்தைந்து ஆண்டுப் பணி மிச்சமிருக்கிறது. எனக்கு ஏழு மாதம்தான். அதனால் நான் எழுதுகிறேன்.

வியாழன்தோறும் காணொலியில் நீங்கள் நடத்தும் ஆய்வுக் கூட்டம் எங்கள் பக்கத்திலிருந்து எப்படி இருக்கும் என்று நீங்கள் பார்த்திருக்க வாய்ப்பில்லை. புதன்கிழமை தடுப்பூசி நாள். அதன் கணக்கை இரவு உட்கார்ந்து ஏற்றி முடிப்போம். மறுநாள் மாலை நான்கு மணிக்கு ஆய்வு. என் நிலையத்துக் கட்டடத்துக்குள் சிக்னல் நிற்காது. மேல்நிலைத் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு புளியமரம் இருக்கிறது, அங்கே கிடைக்கும். வண்டியை நிறுத்தி, அதன் இருக்கைமேல் செல்பேசியைச் சாய்த்து வைத்துக்கொண்டு மூன்றே முக்காலுக்கே உள்ளே நுழைந்துவிடுவேன். பெயருக்குப் பக்கத்தில் வட்டாரத்தின் பெயரையும் நிலையத்தின் பெயரையும் சேர்க்க வேண்டும். முகம் தெரிய வேண்டும். கூட்டம் தொடங்கும்போது ஒன்று, முடியும்போது ஒன்று என்று திரையைப் படம் பிடிப்பார்கள். அதுதான் வருகைப் பதிவு. மழை வந்தால் ஒரு கையில் குடை.

உள்ளே நுழைந்த நொடியிலேயே எங்கள் மைக் மூடப்பட்டிருக்கும். நாங்களாகத் திறக்க முடியாது. எழுதிக் கேட்கும் பெட்டியும் மூடியிருக்கும். கை தூக்கும் குறி ஒன்றுதான் மிச்சம். இருநூறுக்கும் மேற்பட்ட சின்னச் சின்னக் கட்டங்களில் எந்தக் கட்டத்தில் கை தூக்கியிருக்கிறது என்று பார்ப்பதற்கு அங்கே யாரும் நியமிக்கப்படவில்லை. திரை முழுவதும் அட்டவணைதான் நிற்கும்: பச்சை, மஞ்சள், சிவப்பு. தலைப்புகள் எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கும். முதலில் நீங்கள் பேசுவீர்கள். பிறகு தாய் சேய் நல அலுவலர், புள்ளியியல் பிரிவு, வட்டார மருத்துவ அலுவலர்கள். இரண்டு மணி நேரத்தில் கிராமச் செவிலியரின் குரல் கேட்பது, சிவப்பு வரிசையில் இருப்பவளின் பெயரைப் படித்து, "ஏன்?" என்று கேட்கும்போது மட்டும்தான். எங்களை நீங்கள் கேள்வி கேட்கக் கூடாது என்பதல்ல நான் சொல்வது. அது உங்கள் பணி. ஆனால் "உங்கள் ஊரில் என்ன பார்த்தீர்கள்?" என்ற கேள்வி ஒரு வியாழக்கிழமைகூட எங்களிடம் வந்ததில்லை.

சிவப்பு வரிசைக்காரிக்கும் பேச்சு எளிதில் கிடைப்பதில்லை. இரண்டு மாதத்துக்கு முன் என் மலையூரில் ஒரு வீட்டுப் பிரசவம். மூன்று நாள் மழை. ஓடையின் தரைப்பாலம் அடித்துப் போயிருந்தது. 108 வண்டி இக்கரையிலேயே நின்றுவிட்டது. இரவு இரண்டு மணிக்கு ஊர்க்காரர்கள் இருவர் டார்ச் பிடித்து வர, கயிற்றைப் பிடித்து ஓடையைக் கடந்து நான் போய்ச் சேர்வதற்குள் குழந்தை தலை காட்டியிருந்தது. தாயும் பிள்ளையும் நலம். அந்த வியாழக்கிழமை என் பெயர் சிவப்பில் வந்தது. "வீட்டுப் பிரசவம் ஒன்று. ஏன்?" என்று கேட்டீர்கள். மைக்கைத் திறக்க அனுமதி கேட்கும் குறிப்பு என் திரையில் தாமதமாகத்தான் வந்தது. அழுத்தினேன், சுற்றிக்கொண்டே இருந்தது. "ஐயா" என்று நான் சொல்லத் தொடங்கியபோது அடுத்த வட்டாரம் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. கூட்டக் குறிப்பில் என் பெயருக்கு நேரே "பதிலளிக்கவில்லை" என்று ஏறியது. நான்காம் நாள், ஆய்வுக் கூட்டத்தில் உரிய விளக்கம் அளிக்காதது ஏன் என்று கேட்டு ஒரு குறிப்பாணை வந்தது.

இரண்டு பக்கம் பதில் எழுதிக் கொடுத்தேன். இன்றுவரை ஏற்பும் இல்லை, மறுப்பும் இல்லை. எனக்கு வருத்தம் அந்தக் காகிதத்தைப் பற்றி மட்டுமல்ல. அன்று நான் பேசியிருந்தால் சொல்லியிருக்கக் கூடியவை இவை: தரைப்பாலம் போய்விட்டது, அதே ஊரில் அடுத்த மாதம் இன்னும் இருவருக்குப் பிரசவ நாள் வருகிறது, அவர்களைப் பத்து நாள் முன்பே ஆரம்ப சுகாதார நிலையத்தின் பிரசவக் காத்திருப்பு அறைக்குக் கொண்டுவர வேண்டும், அந்த அறையில் இப்போது பழைய அலமாரிகள் கிடக்கின்றன, காலி செய்ய உத்தரவிடுங்கள். முப்பது விநாடி போதும் இதைச் சொல்ல. அந்த முப்பது விநாடி கிடைக்காததால், ஒருத்தியை அவளுடைய அக்கா வீட்டிலும் இன்னொருத்தியை என் வீட்டிலும் தங்கவைத்தேன். அறையில் அலமாரிகள் இன்னமும் இருக்கின்றன.

இனி நான் சொல்லப்போவதுதான் இந்த மடலுக்குக் காரணம். தயவுசெய்து இதை நிதானமாகப் படியுங்கள்.

சென்ற ஆண்டு கோடையில் ஹீமோகுளோபின் பார்க்கும் ஸ்ட்ரிப் புதிதாக வந்தது. விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம், சிறிது நேரத்தில் மானியில் எண். முதல் வாரத்திலேயே எனக்கு மனம் ஒப்பவில்லை. கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் வெளுத்திருக்கிறது. நாக்கும் வெளுத்திருக்கிறது. நாலு படி ஏறினால் அந்தப் பெண்ணுக்கு மூச்சு வாங்குகிறது. மானி மட்டும் 10.8 என்கிறது. கர்ப்பிணிக்கு 11-க்குக் கீழே போனால் ரத்தசோகை, 7-க்குக் கீழே போனால் கடுமையான ரத்தசோகை என்பது எங்கள் தினசரிப் பாடம். அந்த எண்ணை வைத்துத்தான் மாத்திரையோடு நிறுத்துவதா, இரும்புச்சத்து ஏற்றும் அயர்ன் சுக்ரோஸ் ஊசிக்கு அனுப்புவதா என்று முடிவாகிறது. சந்தேகம் வந்ததும் ஆறு தாய்மாரை ஆரம்ப சுகாதார நிலைய ஆய்வகத்துக்கு அனுப்பி மறுபடி பார்க்கச் சொன்னேன். ஆறு பேருக்கும் ஏறத்தாழ இரண்டு புள்ளி குறைவாக வந்தது. தேதியோடு நோட்டில் எழுதி வைத்தேன்.

எங்களை மேற்பார்வை செய்யும் பகுதி சுகாதாரச் செவிலியரிடம் சொன்னேன். "வியாழக்கிழமைக் கூட்டத்தில் சொல்லுங்கள்" என்றார். அந்த வியாழக்கிழமை ஒரு மணி நாற்பது நிமிடம் கை தூக்கும் குறியை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அடுத்த வியாழக்கிழமையும் அப்படித்தான். பிறகு வட்டார மருத்துவ அலுவலருக்குச் செல்பேசியில் செய்தி அனுப்பினேன். அவர் நல்லவர், இளைஞர், பணிக்குப் புதியவர். "மாவட்டத்திலிருந்து வழங்கியது அம்மா. நம் வட்டாரம் மட்டும் எப்படிக் குறை சொல்வது? வேறு யாரும் சொல்லவில்லையே" என்று பதில் எழுதினார்.

வேறு யாரும் சொல்லவில்லையே. ஐயா, இந்தச் சொற்களை நான் பல நாள் நினைத்துப் பார்த்திருக்கிறேன். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு மேலே போய்ப் பேச வேண்டுமானால் அவருக்கும் ஒரு துணை வேண்டும். ஒரே ஒரு செவிலியரின் நோட்டை வைத்துக்கொண்டு மாவட்ட அலுவலரிடம் எப்படிப் பேசுவார்? மைக்கை மூடினால் எங்கள் குரல் உங்களை எட்டாது என்பது எல்லோருக்கும் தெரிகிறது. எங்கள் குரல் எங்களுக்குள்ளேயும் எட்டாது என்பதை யாரும் நினைப்பதில்லை. இருநூறு பேர் ஒரே திரையில் இருந்தோம். ஒவ்வொருத்தியும் தனியாக இருந்தோம். பக்கத்து நிலையத்துக்காரி தலையசைக்கிறாளா, முகம் சுளிக்கிறாளா என்று அந்தக் கட்டத்தில் எனக்குத் தெரியாது. ஆகவே குறை என்னுடைய மானியில்தானோ, என் கண்ணுக்குத்தான் வயதாகிவிட்டதோ என்று நானே என்னைச் சந்தேகிக்கத் தொடங்கினேன்.

இதற்கிடையில் ஒரு பெண். இரண்டாம் பிரசவம். என் மானி அவளுக்கு 9.6 காட்டியிருந்தது; மாத்திரை கொடுத்து, கீரையும் முட்டையும் சாப்பிடச் சொல்லி அனுப்பினேன். 34-ஆம் வாரத்தில் கால் வீங்கி, மூச்சுத் திணறி வந்தாள். அரசு மருத்துவமனையில் பார்த்தபோது 6.4. இரண்டு யூனிட் ரத்தம் ஏற்றினார்கள். பிழைத்துக்கொண்டாள். பையன் இப்போது நடக்கிறான். அவள் வீட்டைக் கடக்கும்போதெல்லாம் "நர்சம்மா, காபி குடித்துவிட்டுப் போங்கள்" என்று கூப்பிடுகிறாள். அந்த வாசலில் நிற்கும்போது எனக்கு இருக்கும் கூச்சம் அவளுக்குத் தெரியாது.

அந்த மாதக் கடைசியில்தான் வட்டாரக் கூட்டம் வந்தது. நீங்கள் இப்போது நிறுத்தச் சொல்லியிருக்கும் அதே கூட்டம். கூட்டத்துக்குள்ளும் நான் பேசவில்லை. உண்மையைச் சொல்ல வேண்டுமல்லவா. இடையில் டீ கொடுத்தார்கள். டம்ளரோடு வராந்தாவில் நின்றபோது பக்கத்து நிலையத்துச் செவிலியர் தாழ்ந்த குரலில், "அக்கா, உங்கள் மானியும் கூடுதலாகக் காட்டுகிறதா?" என்றாள். என் கையிலிருந்த டீ சிந்தியது. அதைக் கேட்டுக்கொண்டு இன்னொருத்தி வந்தாள். பத்து நிமிடத்தில் ஐந்து பேர். ஐந்து பேரும் சேர்ந்தே மருத்துவ அலுவலரிடம் போனோம். இந்த முறை "வேறு யாரும் சொல்லவில்லையே" என்று அவரால் சொல்ல முடியவில்லை. சொல்லவும் அவர் விரும்பவில்லை. அங்கேயே நின்று மாவட்ட மருந்துக் கிடங்குக்குத் தொலைபேசியில் பேசினார். இரண்டு நாளில் அந்த ஸ்ட்ரிப்புகள் திரும்பப் பெறப்பட்டன. வெயிலில் பல நாள் வண்டியிலேயே கிடந்த பெட்டிகள் அவை என்று பிறகு தெரியவந்தது.

என் நோட்டில் முதல் வரி எழுதியதற்கும் அந்த டீக்கும் இடையில் ஐந்து வாரம். அத்தனை வாரமும் நாங்கள் ஐவரும் வியாழன் தவறாமல் உங்கள் கூட்டத்தில் இருந்தோம். வருகைப் பதிவில் எங்கள் முகங்கள் இருக்கின்றன.

நான் கருவிகளுக்கு எதிரி இல்லை. 2020-ல் பஸ் ஓடாத மாதங்களில் இந்தக் காணொலிதான் எங்களை இணைத்து வைத்தது. எந்தத் தெருவை அடைக்க வேண்டும், காய்ச்சல் கணக்கை எப்படி எழுத வேண்டும் என்று அன்றன்றைக்குத் தெரிந்துகொண்டோம். இரண்டு பஸ் மாறி வட்டாரத்துக்கு வந்து திரும்பினால் மலைப்பகுதிச் செவிலியருக்கு ஒரு பகல் முழுவதும் போய்விடும் என்பதும் உண்மை. கைக்குழந்தை வைத்திருக்கும் இளைய செவிலியருக்குக் காணொலி பெரிய உதவி. நேரில் கூடும்போது மேல் கீழ் இல்லை என்றும் நான் சொல்ல மாட்டேன். மருத்துவர்களுக்கு முன்வரிசையில் மெத்தை வைத்த நாற்காலி, எங்களுக்குக் கடைசியில் பெஞ்சு. பெயர் சொன்னால் எழுந்து நிற்க வேண்டும். 1998-ல் ஒரு கூட்டத்தில் என்னை இருபது நிமிடம் நிற்கவைத்தே கேள்வி கேட்டார்கள், இன்றும் மறக்கவில்லை. அந்த ஏற்றத்தாழ்வைக் காணொலி உண்டாக்கவில்லை. ஆனால் பெஞ்சில் உட்கார்ந்தவளுக்குப் பக்கத்தில் இன்னொருத்தி இருந்தாள். காதோடு கிசுகிசுக்க முடிந்தது. கூட்டம் முடிந்து மருத்துவர் ஜீப்பில் ஏறும்வரை வாசலில் நின்று ஒரு வார்த்தை சொல்ல முடிந்தது. மேலதிகாரத்துக்கு நடுவே இருந்த இந்தச் சின்னச் சின்ன இடுக்குகள்தான் இந்தத் துறையில் செய்தி நடமாடிய வழிகள். காணொலிக்கு வந்தபோது ஏற்றத்தாழ்வு முழுசாக வந்துவிட்டது, இடுக்குகள் வரவில்லை.

வாட்ஸ்அப்பிலும் இதே கதைதான். தொடக்கத்தில் எங்கள் குழுவில் யார் வேண்டுமானாலும் எழுதலாம். "எங்கள் பகுதியில் அம்மை போலத் தெரிகிறது, வேறு எங்காவது உண்டா?" என்று ஒருத்தி கேட்பாள், அரை மணியில் நாலு பதில் வரும். காலை வணக்கப் படங்கள் அதிகமாகின்றன என்று சொல்லி நிர்வாகிகள் மட்டும் எழுதும்படி மாற்றினீர்கள். படங்களை நிறுத்தச் சொல்லியிருந்தால் நிறுத்தியிருப்போம். இப்போது அந்தக் குழுவில் வருவது உத்தரவு, படிவம், காலக்கெடு. இரவு பத்தரை மணிக்கு "காலை எட்டுக்குள் அனுப்பவும்" என்று வரும். நாங்கள் படித்துவிட்டோமா என்பது மட்டும் உங்களுக்குத் தெரியும். என்ன நினைத்தோம் என்பது தெரியாது.

பேச முடியாத கூட்டம் நடந்துகொண்டே இருந்தால் கணக்கு என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கர்ப்பத்தை 12 வாரத்துக்குள் பதிவு செய்ய வேண்டும் என்பது நல்ல விதி. ஆனால் செங்கல் சூளைக்குப் போன குடும்பத்துப் பெண் நாலாம் மாதம்தான் ஊருக்கு வருகிறாள். அவளைப் பதிந்தால் தாமதப் பதிவு, அட்டவணையில் சிவப்பு. காரணம் சொல்ல இடமில்லை, சிவப்புக்கு மட்டும் இடமுண்டு என்றால், கடைசி மாதவிடாய் தேதியைக் கொஞ்சம் தள்ளி எழுதும் ஆசை ஒரு செவிலியருக்கு வரும். தேதி தள்ளினால் பிரசவ நாளும் தள்ளிப்போகும். நாள் கடந்த கர்ப்பத்தை நாள் வராத கர்ப்பம் என்று கணினி சொல்லும். இதைச் செய்தவர் யார் என்று என்னைக் கேட்காதீர்கள். எல்லோரும் பச்சையாக இருக்கும் வாரங்களில் அந்தப் பச்சையைக் கொஞ்சம் சந்தேகியுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

பொறியியல் படித்த என் மகள் ஒரு செய்தி சொன்னாள். 1986 ஜனவரி 27 இரவு. மறுநாள் காலை சேலஞ்சர் விண்கலம் கிளம்ப வேண்டும். கடும் குளிர். அதன் உந்துகலங்களைச் செய்த நிறுவனத்தின் பொறியாளர்கள் யூட்டாவில் இருந்தார்கள். நாசா அதிகாரிகள் அலபாமாவிலும் புளோரிடாவிலும் இருந்தார்கள். மூன்று இடங்களையும் இணைத்துத் தொலைபேசிக் கூட்டம். இந்தக் குளிரில் ரப்பர் வளையங்கள் சரியாக அடைக்காது, கிளம்ப வேண்டாம் என்று பொறியாளர்கள் சொன்னார்கள். நாசா தரப்பு அதை ஏற்கத் தயங்கியது. ஐந்து நிமிடம் எங்களுக்குள் பேசிக்கொள்கிறோம் என்று நிறுவனம் இணைப்பில் தன் ஒலியை நிறுத்தியது. ஐந்து நிமிடம் அரை மணி நேரமாக நீண்டது. அந்த அரை மணியிலும் பொறியாளர்கள் மறுத்துச் சொன்னார்கள். கடைசியில் மேலாளர்கள் நால்வர் மட்டும் முடிவெடுத்தார்கள். ஒலியைத் திறந்து, கிளம்பலாம் என்றார்கள். இணைப்பில் இருப்பவர்களில் வேறு யாருக்காவது மாற்றுக் கருத்து உண்டா என்று மறுமுனையில் கேட்டார்கள். யாரும் பேசவில்லை. மறுநாள் கிளம்பிய 73-ஆம் விநாடியில் விண்கலம் சிதறியது. ஏழு பேர் இறந்தார்கள்.

விண்கலம் எங்கே, என் ஸ்ட்ரிப் டப்பா எங்கே என்று கேட்கலாம். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிகின்றன. பொருளைக் கையால் தொட்டுப் பார்த்தவனுக்குத் தெரிந்தது, முடிவெடுக்கும் இடத்துக்குப் போகவில்லை. "யாருக்காவது கருத்து உண்டா?" என்று கடைசியில் கேட்பது கேட்டதாகாது. மேலே இருப்பவர் தன் முடிவைச் சொன்ன பிறகு கீழே இருப்பவர் மௌனமாக இருப்பதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது.

தாய் இறப்பு ஏன் நிகழ்கிறது என்பதற்குப் பயிற்சியில் மூன்று தாமதங்களைச் சொல்லிக் கொடுத்தார்கள். மருத்துவமனைக்குப் போக முடிவெடுப்பதில் தாமதம், போய்ச் சேர்வதில் தாமதம், போன இடத்தில் சிகிச்சை கிடைப்பதில் தாமதம். அரசின் மாதிரிப் பதிவுக் கணக்கின்படி 2018-20-ல் ஒரு லட்சம் பிறப்புக்கு நாடு முழுவதும் 97 தாய்மார் இறந்தார்கள்; தமிழகத்தில் 54. இந்த மூன்று தாமதங்களையும் வீடு வீடாக நடந்து குறைத்தவர்களில் நாங்களும் உண்டு. எங்களுக்குத் தெரிந்தது உங்களுக்குத் தெரிவதில் ஏற்படும் தாமதத்தை மட்டும் எங்களால் நடந்து குறைக்க முடியாது. அது உங்கள் கையில் இருக்கிறது.

ஆகவே கேட்கிறேன்.

நேர்க்கூட்டத்தை நிறுத்தும் உத்தரவைத் திரும்பப் பெறுங்கள். மாதம் ஒருமுறை முடியாது என்றால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என்றாவது வையுங்கள். ஆனால் இருக்க வேண்டும். அதில் அரை மணி நேரத்தை அட்டவணை இல்லாத நேரமாக, நாங்கள் எங்களுக்குள் பேசிக்கொள்ளும் நேரமாக, நிகழ்ச்சி நிரலிலேயே எழுதுங்கள்.

வியாழக்கிழமைக் கூட்டத்தை வட்டார வாரியாகப் பிரித்து நடத்துங்கள். இருநூறு பேர் இருக்கும் இடத்தில் யாரும் பேச முடியாது; இருபது பேர் இருந்தால் முடியும். எங்கள் மைக்கை நாங்களே திறக்கும்படி விடுங்கள். சத்தம் வரும் என்று அஞ்சினால், கை தூக்கும் குறியையும் எழுதும் பெட்டியையும் பார்ப்பதற்கென்று ஒருவரை நியமியுங்கள். பேசும் வரிசையைத் திருப்புங்கள்: கிராமச் செவிலியர் முதலில், நீங்கள் கடைசியில். ராணுவத்தில் இருந்த என் அண்ணன் சொல்வார், அங்கே ராணுவ நீதிமன்றத்தில் பதவியில் இளையவரிடமிருந்துதான் கருத்துக் கேட்கத் தொடங்க வேண்டும் என்று விதியே இருக்கிறதாம். அறுவை சிகிச்சைக்கு உலக சுகாதார நிறுவனம் 2008-ல் வெளியிட்ட சரிபார்ப்புப் பட்டியல் உங்களுக்குத் தெரியும்: கத்தி வைப்பதற்கு முன் அறையில் உள்ள எல்லோரும் தம் பெயரையும் பணியையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்கிறது. எங்கள் கூட்டமும் அப்படித் தொடங்கட்டும். பெயர், ஊர், இந்த வாரம் கண்ட ஒரு செய்தி. ஒருமுறை வாய் திறந்தவள் இரண்டாம் முறையும் திறப்பாள்.

சிவப்பு வரிசையை எல்லோர் முன்னும் பெயர் சொல்லிப் படிக்காதீர்கள். தனியே அழைத்துக் கேளுங்கள். எவ்வளவு கடுமையாக வேண்டுமானாலும் கேளுங்கள். இணைப்பு கிடைக்காத செவிலியரைத் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்காமல் "பதிலளிக்கவில்லை" என்று யாரும் எழுதக் கூடாது என்று ஆணையிடுங்கள். எனக்குக் கொடுத்த குறிப்பாணையை ரத்து செய்யுங்கள். ஓய்வு பெறும்போது என் பணிப்பதிவேட்டில் அது இருக்கக் கூடாது.

வாட்ஸ்அப்பில் உத்தரவுக் குழு இருக்கட்டும். அதோடு எங்களுக்கென்று, எல்லோரும் எழுதக்கூடிய இன்னொரு குழு வேண்டும். அதில் வரும் ஒவ்வொரு குறைக்கும் ஏழு நாளுக்குள் "ஆகும்" அல்லது "ஆகாது, இன்ன காரணம்" என்று யாராவது பதில் எழுத வேண்டும். இரவு எட்டு மணிக்குப் பிறகு படிவம் கேட்க வேண்டாம்.

அட்டவணைத் தலைப்புகளைத் தமிழில் எழுதுங்கள், கூட்டத்தைத் தமிழில் நடத்துங்கள். 1956-லேயே தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் வந்துவிட்டது. ஆங்கிலத்தில் கேட்கும் கேள்விக்கு ஆங்கிலத்தில் பதில் தேடித் தடுமாறும் நேரத்தில் சொல்ல வந்த செய்தி தொலைந்துபோகிறது.

கடைசியாக ஒன்று, இதற்கு உத்தரவுகூடத் தேவையில்லை. வருகிற வியாழக்கிழமைக் கூட்டத்தில் முதல் பத்து நிமிடம் எங்கள் மைக்கைத் திறந்துவிடுங்கள். தரைப்பாலம் இன்னும் கட்டப்படவில்லை, மழைக்காலம் வருகிறது, மலையூரில் மேலும் மூன்று பேருக்குப் பிரசவ நாள் நெருங்குகிறது. காத்திருப்பு அறையின் அலமாரிகளைப் பற்றி நான் உங்களிடம் பேச வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு கிராம சுகாதாரச் செவிலியர்